வில்லங்கச் சான்று

தக்கலை ஆக்கர் கடையில்
மாகீன் கண்ணு அதைத் தராசில் போடவில்லை.
"இது எடைக்கு இல்ல சாரே, வேற விலை."
போன முறை என் முகத்தைப் பார்த்துவிட்டான்,
அட்டை போன வண்ணத்துப்பூச்சிக் கட்டை
மூச்சடக்கி நான் வாங்கியபோது.
பழைய புத்தகம் சேர்ப்பவன்
முதலில் பழக வேண்டியது முகத்தை மூடி வைக்க.
இருபது வருடமாகியும் எனக்கு வரவில்லை.

மீன்கள். இந்தக் கரையின் மீன்கள்.
கல்லச்சில் எடுத்து
ஒவ்வொன்றுக்கும் கையால் நிறம் தீட்டியது.
ஆயிரத்து எண்ணூற்று எழுபது சொச்சம்;
ஆண்டின் கடைசி எண்
கிழிந்த பாதித் தாளோடு எங்கோ போயிருந்தது.
நான்காயிரத்து ஐந்நூறு.
ஷைனியிடம் எண்ணூறு என்றேன்.
எண்ணூறுக்கே திட்டினாள்.

குழித்துறை பதிவு அலுவலகத்தில்
பகல் முழுக்க நான் தேடுவது
யார் யாருக்கு விற்றார்,
எந்த எல்கைக்குள் எந்த ஒற்றி தீராமல் கிடக்கிறது.
ஆகவே இரவில் இதற்கும் ஒரு வில்லங்கம் போட்டேன்.
முதல் உரிமை: மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர், ஊதா மை.
அடுத்து மலைத்தோட்டத்துத் துரை,
கையெழுத்தின் வால் மட்டும்.
பிறகு ஒரு பள்ளிக்கூட நூலக முத்திரை,
அதன்மேல் சாய்வாக 'கழிவு' என்று இன்னொரு முத்திரை.
பிறகு இராமபாணப் பூச்சி:
பதினேழாம் பக்கத்தில் நுழைந்து
நாற்பதில் வெளியேறி
பிரமாணம் ஏதுமின்றி அனுபவ பாத்தியம்.
பிறகு நான்.

முப்பத்தொன்றாம் படம் இல்லை.
தையலை ஒட்டி பிளேடால்
அவசரமில்லாமல் அறுத்திருக்கிறார்கள்.
யார் வீட்டுச் சுவரிலோ சட்டத்துக்குள் நீந்துகிறது.
படத்தை மூடியிருந்த மெல்லிய தாள் மட்டும் மிச்சம்.
அத்தனை வருடம் மேலே அமர்ந்து கிடந்ததில்
மையின் எண்ணெய் ஊறி
பழுப்பாய் ஒரு நிழல் இறங்கியிருந்தது:
பிளந்த வால்,
கழுத்திலிருந்து கடைசிவரை ஒரே துடுப்பு,
மதில்போல் நிமிர்ந்த நெற்றி.

ஞாயிறு காலை குளச்சலுக்குக் கொண்டுபோனேன்,
பாலித்தீன் உறை மூன்று போட்டு.
ஏலம் விளிக்கும் பெலார்மின்
தாளை வெயிலுக்கு நேரே பிடித்தான்.
"பேரு நாங்க ஒண்ணு சொல்லுவோம்,
முட்டத்துக்காரன் வேற சொல்லுவான்.
ஒனக்கு எது வேணும்?"
பிறகு மற்ற படங்களைப் புரட்டினான்,
ஈரக் கையால். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
"எல்லாம் செத்த நிறம்.
சாராயத்துல ஊறப் போட்டதப் பாத்து
தீட்டியிருக்கான் பாவி."

எனக்கு வலித்தது.
நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய் வலித்தது.

அப்போது ஒரு வள்ளம் கரை ஏறியது.
திரும்பும் வழியில் கடைசித் தூண்டிலில் விழுந்ததாம்,
இன்னும் பலகையில் வால் அடித்துக்கொண்டிருந்தது,
அதே நெற்றி, அதே துடுப்பு.
பொன் என்று சொல்ல வாயெடுத்தேன், பச்சையாயிற்று.
பச்சை என்பதற்குள் நீலப் பொட்டுகள்
விலாவில் ஓடி அணைந்தன.
பெலார்மின் விளிக்கத் தொடங்கினான்.
முந்நூறு, முந்நூற்றைம்பது, நானூறு
விலை ஏற ஏற நிறம் இறங்கியது.
அறுநூற்றிருபதுக்கு ஒரு ஓட்டல்காரர் எடுத்தபோது
அது சாம்பல்.
என் புத்தகத்தின் மற்ற மீன்களைப் போலவே இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால்
நிழல் தாளில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
எடுக்கவில்லை. எடுத்தால் தாள் கிழியும்.
கிழியாவிட்டாலும் எடுத்திருக்க மாட்டேன்.

பாச்சை உருண்டை வைக்கப் போன ஷைனி
பின்னட்டையின் உள்பக்கத்தைத் திறந்துவிட்டாள்.
மூலையில் மாகீன் கண்ணுவின் பென்சில்:
4500.
ஒன்றும் கேட்கவில்லை.
விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு
புத்தகத்தைக் கவிழாமல் என் முன் வைத்தாள்.
வில்லங்கத்தில் அதையும் ஏற்றிக்கொண்டேன்,
தீராத ஒற்றி என்று.